மாடுகள் மலையிறங்கும் இரவு

அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் டர்லோ என்றொரு சிற்றூர். நாட்டுப்புற வாழ்க்கைக்கென்றே தேசிய அருங்காட்சியகத்தின் கிளை ஒன்று அங்கே இருக்கிறது. கூடை, கலப்பை, வெண்ணெய் கடையும் பீப்பாய் என்று பரமசாதுவான பொருட்களுக்கு நடுவே ஒரு முகம். வற்றிச் சுருங்கிய தோல், இடுங்கிய கண்கள், ஒழுங்கில்லாமல் துருத்தும் பற்கள். டோனிகால் மாவட்டத்து ஃபின்டவுனிலிருந்து 1943-இல் வந்து சேர்ந்த ஒரு டர்னிப் கிழங்கின் பிளாஸ்டர் வார்ப்பு அது. அசல் கிழங்கு உதிர்ந்துபோகும் நிலையில் இருந்ததால் அச்செடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஹாலோவீன் எனப்படும் அக்டோபர் 31 இரவில் உள்ளே மெழுகுவத்தி ஏற்றி, வருவோர் போவோரைக் கதிகலங்க வைப்பதற்காக யாரோ மெனக்கெட்டுச் செதுக்கியது.

ஹாலிவுட் படங்களில் ஈயென்று இளிக்கும் ஆரஞ்சுப் பூசணிக்கு இது பாட்டி முறை. பாட்டியைக் குடைவது லேசுப்பட்ட வேலையில்லை. பூசணிக்குள் பாதி இடம் இயற்கையாகவே காலி. டர்னிப் நடுவரை கெட்டி. கரண்டி வளையும், மணிக்கட்டு வலிக்கும். போதாததற்கு அது கடுகுக் குடும்பத்துச் செடி. கடுகுக்குக் காரம் தரும் கந்தகச் சேர்மங்களின் உறவுக்காரர்கள் இதிலும் உண்டு. மெழுகுவத்திச் சூட்டில் சதை மெல்ல வேக, அந்தச் சேர்மங்கள் சிதைந்து கிளப்பும் நாற்றம்தான் ஸ்காட்லாந்தில் ஒரு தலைமுறைக்கு ஹாலோவீனின் வாசனை.

பாட்டி என்றதும் ஆதிகாலத்துப் பாட்டி என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்காட்லாந்துக்காரர்கள் குடைந்த பெரிய மஞ்சள் டர்னிப், ஸ்வீடன் வழியாக அங்கே போய்ச் சேர்ந்ததே 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதில் முகம் செதுக்கியதற்கான பதிவுகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டினுடையவை. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தைவிட்டுக் கப்பலேறியவர்கள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர். அவர்கள் அமெரிக்காவில் இறங்கியபோது கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது பூசணி. அந்தக் காயை மெக்சிகோ மக்கள் பயிராக்கிப் பத்தாயிரம் ஆண்டு ஆகியிருந்தது. ஆக இந்தப் பண்டிகையின் சின்னத்தில் காய் படுபழசு, முகம் படுபுதுசு.

ஹாலோவீனில் எதைத் தொட்டாலும் இந்தத் தலைகீழ்க் கணக்குதான். பழையது என்று நாம் நம்புவது புதிதாக இருக்கும்; யாரும் கவனிக்காதது ஆதியிலிருந்தே வந்துகொண்டிருக்கும்.

விளக்கின் கதையையே எடுத்துக்கொள்வோம். ஜாக் என்று ஒரு குடிகாரக் கஞ்சன், சாத்தானையே ஏமாற்றி ஆப்பிள் மரத்தில் ஏற்றி, இறங்கவிடாமல் அடிமரத்தில் சிலுவை கீறிவிட்டானாம். செத்தபின் சொர்க்கத்தில் இடமில்லை. நரகத்து வாசலில் சாத்தான் பழைய பகையை மறக்கவில்லை. ஒரு தணல் துண்டை வீசி எறிந்து துரத்திவிட்டான். அதை ஒரு டர்னிப்புக்குள் வைத்துக்கொண்டு ஜாக் இன்னும் அலைகிறான். அதனால் அது ஜாக்கின் லாந்தர். கதை ஜோர்தான். ஆனால் 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அந்தப் பெயர் எந்தக் கிழங்கையும் குறிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் ராத்திரியில் தோன்றி, கிட்டப்போனால் விலகி, வழிப்போக்கனைச் சேற்றில் இறக்கும் ஒளியைத்தான் அப்படிச் சொன்னார்கள். நம் ஊர்க் கொள்ளிவாய்ப் பிசாசேதான்.

1776 நவம்பரில் இத்தாலியின் மஜோரே ஏரிக்கரையில், நாணல் புதரடியில் கோலால் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தார் அலெஸாண்ட்ரோ வோல்டா. பின்னாளில் மின்கலத்தைக் கண்டுபிடித்தவர். மேலே வந்த குமிழிகளை நீர் நிரப்பிய பாத்திரத்தில் பிடித்து நெருப்பைக் காட்டினார், எரிந்தது. இன்று நாம் மீத்தேன் என்று சொல்வது. அழுகும் தழையிலிருந்து நுண்ணுயிர்கள் கிளப்பும் வாயு. பிசாசின் எரிபொருள் கிடைத்துவிட்டது. தீக்குச்சி? அதுதான் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக இழுத்தடித்தது. மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ளாது. தானாகப் பற்றும் பாஸ்பரஸ் வாயுக்களைச் சிலர் கைகாட்டினார்கள். அவை எரிந்தால் புகையும் பூண்டு நெடியும் வரும், கண்டவர்களோ குளிர்ந்த ஒளியென்றே சொல்லியிருந்தார்கள். 2025-இல் ஸ்டான்ஃபோர்டின் ரிச்சர்ட் ஜேர் குழுவினர் தண்ணீருக்குள் மீத்தேன் நுண்குமிழிகளை விட்டுப் பார்த்தார்கள். அடுத்தடுத்த குமிழிகளுக்கிடையே மின்னேற்றம் மாறி, கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காத குட்டி மின்னல்கள் பாய்ந்தன. தீக்குச்சி இதுவாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். சதுப்பை வடித்து வயலாக்கிய பிறகு அந்த ஒளியைப் பார்த்ததாகச் சொல்பவர்களும் அருகிவிட்டார்கள்.

ஹாலோவீன் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பலரும் ‘இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான கெல்டியப் புத்தாண்டு’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. கிறித்தவத்துக்கு முந்தைய அயர்லாந்துக்காரர்கள் நமக்கு எழுதிவைத்துப் போனது ஒன்றுமில்லை. சவ்வின் என்ற அந்த நவம்பர் முதல் நாள் விழாவைப் பற்றித் தெரிவதெல்லாம், பல நூற்றாண்டு கழித்துக் கிறித்தவத் துறவிகள் ஏட்டில் எழுதிய கதைகள் வழியாகத்தான். புத்தாண்டு என்பது 1886-இல் ஜான் ரைஸ் என்ற ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் தம் சொற்பொழிவுகளில் முன்வைத்த ஊகம். 1996-இல் வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் சான்றுகளைப் புரட்டிப் பார்த்து, அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார். சவ்வினை விழுங்கத்தான் திருச்சபை அனைத்துப் புனிதர் திருநாளை நவம்பர் 1-இல் வைத்தது என்பதும் அப்படியொரு ஊகமே. அந்தத் தேதி இங்கிலாந்திலும் ஜெர்மானியப் பகுதிகளிலும் 800-ஐ ஒட்டிப் பரவியது. அதே காலத்தில் அயர்லாந்துத் திருச்சபை இந்தத் திருநாளைக் கொண்டாடியது ஏப்ரல் 20-இல்!

அப்படியானால் இதில் உண்மையிலேயே பழையது எது? புல்.

மண்ணின் வெப்பம் ஐந்தாறு டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் புல் வளர்வதை நிறுத்திக்கொள்கிறது. மே முதல் நாள் வாக்கில் மாடுகளை மலைக்கு ஓட்டிப்போவார்கள். கூடவே பெண்பிள்ளைகளும் போய், கல்லும் புல்கரணையும் அடுக்கிய குடிசைகளில் கோடை முழுக்கத் தங்கிப் பால் கறந்து வெண்ணெய் எடுப்பார்கள். நவம்பர் பிறக்கும்போது எல்லோரும் இறங்கியாக வேண்டும். 731-இல் தம் வரலாற்றை முடித்த இங்கிலாந்துத் துறவி பீட், அயர்லாந்தில் குளிர்காலத்துக்கென்று யாரும் வைக்கோல் உலர்த்துவதில்லை, தொழுவம் கட்டுவதில்லை என்று எழுதியிருக்கிறார். தட்பவெப்பம் அவ்வளவு இதம் என்று பாராட்டுவதற்காகச் சொன்னது. மாட்டுக்காரன் கோணத்தில் பார்த்தால் கதை வேறு. சேமித்த தீவனம் கிடையாது; வீட்டைச் சுற்றி மேயவிடாமல் காத்த புல் எத்தனை வாய்க்குப் போதுமோ அத்தனை வாய்தான் மிஞ்சலாம். எந்த மாடு வசந்தத்தைப் பார்க்கும், எது உப்புக்கண்டமாகும் என்று தீர்ப்பெழுதும் நேரம் அது. குத்தகைப் பணமும் வேலையாள் கூலியும் கணக்குத் தீர்ந்ததும் அதே நாளையொட்டித்தான்.

அப்போது டப்ளினில் பகல் ஒன்பதரை மணி நேரத்துக்குச் சுருங்கியிருக்கும். ஜூனில் பதினேழு மணி நேரம் இருந்தது. மனிதரும் மாடும் வேலிக்குள் வந்துவிட்டார்கள். கோடை முழுக்க ஆள்நடமாட்டம் இருந்த மலை திடீரென்று காலி. இனி அங்கே இருப்பது யாருடைய ராஜ்ஜியம்? கேள்விக்குப் பதில் தயாராக இருந்தது. பழைய மண்மேடுகளுக்கும் குகைகளுக்கும் அடியில் வாழ்கிற மறுவுலகத்தாருடையது. சவ்வினுக்குப் பிறகு கருப்பு நாவற்பழம் போன்ற பிளாக்பெர்ரியைப் பறித்துத் தின்னக்கூடாது, பூக்கா என்ற குதிரை உருவப் பேய் அதன்மேல் துப்பிவிட்டிருக்கும் என்று பிள்ளைகளை மிரட்டினார்கள். துப்பல் என்று அவர்கள் சொன்னதை இன்று போட்ரைடிஸ் என்கிற சாம்பல் பூஞ்சை என்று சொல்கிறோம். ஈரமும் குளிரும் சேர்ந்தால் பழத்தின்மேல் நரைத்த மயிர்போலப் படரும். பூக்காவின் பேச்சைக் கேட்ட பிள்ளைக்கு வயிற்றுக்கோளாறு வந்திருக்காது.

மறுவுலகத்து வாசலுக்கு முகவரியே இருந்தது. ராஸ்காமன் மாவட்டத்தில் ராத்குரோகன் என்ற பழைய அரசிருக்கை. அங்கே ஒரு முள்மரத்தடியில் ஊர்ந்து மட்டுமே நுழையக்கூடிய பொந்து. பெயர் பூனைக் குகை. வாசலின் மேற்கல்லில் ஓகம் எழுத்தில் ‘மேவின் மகன் ஃப்ராக்’ என்ற பொறிப்பு. தாண்டினால் சுண்ணாம்புப் பாறையில் இயற்கையாக விழுந்த பிளவு, சுமார் 37 மீட்டர் நீளத்துக்கு இறங்கிப் போகிறது.

இந்தக் குகையை வைத்துப் பின்னிய, நேரா என்பவனின் கதைதான், என் கணக்கில், ஹாலோவீன் இலக்கியத்தின் தலைப்பிள்ளை. ஒரு சவ்வின் இரவு. அரண்மனையில் கொப்பரை கொதிக்கிறது. வெளியே முந்தைய நாள் தூக்கிலிட்ட இரண்டு கைதிகள் தொங்குகிறார்கள். அவர்களில் ஒருவன் காலில் பிரம்புக்கொடியைக் கட்டிவிட்டு வருபவனுக்குப் பரிசு என்கிறான் அரசன் அலில். போனவர்களெல்லாம் போன வேகத்தில் திரும்புகிறார்கள். நேரா போய்க் கட்டுகிறான். மூன்று முறை கட்டியும் கழன்றுகொள்கிறது. சரியாக ஆணியடித்துக் கட்டு என்று பிணம் யோசனை சொல்கிறது. கட்டி முடித்ததும், தூக்கில் ஏறும்போதே தாகமாக இருந்தது, குடிக்க எங்காவது கூட்டிப்போ என்று கேட்டு முதுகில் ஏறிக்கொள்கிறது.

முதல் வீட்டைச் சுற்றித் தீ வளையம். இங்கே நமக்கு வேலையில்லை, இவர்கள் இரவில் தணலைச் சாம்பலால் மூடிவைப்பவர்கள் என்கிறது பிணம். இரண்டாவது வீட்டைச் சுற்றித் தண்ணீர். இங்கும் வேண்டாம், குளித்த நீரையும் கழுநீரையும் இவர்கள் இரவில் தேக்கிவைப்பதில்லை. மூன்றாவது வீட்டைச் சுற்றி ஒன்றுமில்லை. உள்ளே அழுக்குத் தண்ணீர்த் தொட்டிகள் அப்படியே கிடக்கின்றன. பிணம் ஆசைதீரக் குடித்து, கடைசி வாயைத் தூங்குகிறவர்கள் முகத்தில் கொப்பளிக்கிறது. அத்தனை பேரும் காலி. கதையை எழுதியவர் அந்த இடத்தில் நிறுத்தி, ஆகவே தணலை மூடு, கழுநீரைக் கொட்டு என்று அறிவுரையும் சொல்லிவிடுகிறார். கூரைவேய்ந்த வீட்டில் திறந்த தணல் என்ன செய்யும் என்பதும், தேங்கிய கழிவுநீர் என்ன செய்யும் என்பதும் அனுபவத்தில் தெரிந்த ஒருவர் பேசுகிறார். கிருமிகளைப் பற்றி யாரும் யோசிப்பதற்குப் பல நூற்றாண்டு முன்னால், நோய் வரும் பாதையைப் பிணத்தின் காலடியாகப் போட்டுக் காட்டிய கற்பனை அது.

நேரா திரும்பிவந்தால் அரண்மனை எரிந்து, வெட்டிய தலைகள் குவிந்து கிடக்கின்றன. எதிரிப்படையின் பின்னாலேயே குகைக்குள் போகிறான். உள்ளே அவனுக்கு ஒரு மனைவியும் அமைகிறாள். நீ கண்டது வரப்போவதன் காட்சி, அடுத்த சவ்வினில் நடக்கும், போய் எச்சரி என்கிறாள். குகையிலிருந்து வெளியே வந்தால் அதே இரவு, அதே கொப்பரை இன்னும் இறக்கப்படவில்லை. நம்ப வைப்பதற்குக் கையில் காட்டுப்பூண்டும் பிரிம்ரோஸ் பூவும் பொன்னிறப் பெரணியும் கொண்டுவருகிறான். வெளியே குளிர்காலம் தொடங்கும் இரவில், உள்ளே கோடை!

இதுவரை சூனியக்காரி வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அவளை இந்த இரவுக்குள் கொண்டுவந்ததில் ஒரு நீதிமன்றத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

ஸ்காட்லாந்தில் 1563-இல் சூனியத்தடைச் சட்டம் வந்தது. 1576-இல் அயர்ஷயரைச் சேர்ந்த பெஸ்ஸி டன்லாப் என்ற பெண்ணை விசாரித்தார்கள். மூலிகை அறிவு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அவள் சொன்ன பதில்: 1547-இல் பிங்கி போர்க்களத்தில் செத்த தாம் ரீட் என்பவர் வந்து சொல்லித்தருகிறார். சாத்தான் பேச்சே இல்லை; இறந்துபோன ஓர் ஊர்க்காரர், அவ்வளவுதான். மறுவுலகத்தாரோடு மக்கள் வைத்திருந்த பழைய உறவு அந்தப் பதிலில் தெரிகிறது. அவளை எரித்தார்கள்.

1589-இல் டென்மார்க் இளவரசி ஆனை மணம்பேசிய ஆறாம் ஜேம்ஸ் மன்னரின் கல்யாணக் கப்பல்களைப் புயல் அலைக்கழித்தது. புயலுக்கு ஆள் தேடினார்கள். 1590 இறுதியில் டிரனென்ட் ஊரின் அதிகாரி ஒருவர், நோயாளிகளைக் குணப்படுத்துகிறாளே என்ற சந்தேகத்தில் தம் வீட்டு வேலைக்காரி கைலிஸ் டங்கனின் விரல்களைத் திருகுகருவியில் நசுக்கினார். அவள் பெயர்களைச் சொன்னாள். அதில் ஒருத்தி ஆக்னஸ் சாம்ப்ஸன்; ஊரறிந்த மருத்துவச்சி, நடுவயதைத் தாண்டியவள். தலையை மழித்து, தூங்கவிடாமல் வைத்து வாங்கிய வாக்குமூலத்தில்தான் அந்தக் காட்சி வருகிறது. ஹாலோவீன் இரவில் இருநூறு பேர் சல்லடைகளில் ஏறிக் கடலில் மிதந்து, மதுவருந்திக்கொண்டே நார்த் பெரிக் தேவாலயத்துக்குப் போனார்கள். கைலிஸ் மோர்சிங் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி ஆடினார்கள். மன்னர் இதைக் கேட்டுவிட்டு என்ன செய்தார் தெரியுமா? கைலிஸை அழைத்துவரச் சொல்லி, தம் முன்னால் அதே மெட்டை வாசிக்கச் சொல்லி ரசித்தார். விரல் நசுங்கிய பெண் எப்படி வாசித்தாளோ. 1591-இல் வெளியான துண்டுநூல் இதை ஒரு விநோதச் செய்தியாகச் சொல்லிச் செல்கிறது. ஆக்னஸை அந்த ஜனவரியிலேயே கழுத்தை நெரித்து எரித்துவிட்டிருந்தார்கள்.

துண்டுநூல் நன்றாக விற்றது. ஜேம்ஸ் 1597-இல் பேயியல் பற்றிச் சொந்தமாகவே ஒரு நூல் எழுதினார், 1603-இல் இங்கிலாந்துக்கும் அரசரானார். ஷேக்ஸ்பியரின் மேக்பெத்தில் சூனியக்காரி ஒருத்தி சல்லடையில் பயணம் போவதாகச் சொல்வதற்கு இந்த வழக்கைத்தான் அறிஞர்கள் காட்டுகிறார்கள். 1736-இல் அந்தச் சட்டம் ஒழிவதற்குள் ஸ்காட்லாந்தில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களாக எடின்பரோ ஆய்வாளர்கள் தொகுத்த பெயர்கள் 3,837. பெரும்பாலோர் பெண்கள். 2022 மார்ச் 8 அன்று முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் நாடாளுமன்றத்தில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். கடைகளில் தொங்கும் பச்சைமூஞ்சி சூனியக்காரிக்கு இந்த வரலாறு தெரியாது. அவள் 1939-இல், வண்ணப்படம் புதிதாக இருந்த நாளில், ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ திரைப்படத்துக்காகப் பூசிய சாயத்தில் பிறந்தவள்.

சட்டம் போனபின் மாயம் அடுப்படிக்குத் திரும்பியது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785-இல் ஹாலோவீன் பற்றி நீண்ட கவிதை ஒன்றை எழுதி, கூடவே ஊர்வழக்கங்களுக்குக் குறிப்பும் போட்டார். எல்லாம் கல்யாணக் கவலை. கண்ணை மூடிக்கொண்டு தோட்டத்தில் கேல் கீரைத்தண்டைப் பிடுங்க வேண்டும். தண்டு நெட்டையோ குட்டையோ, வரப்போகிறவர் அப்படி. வேரில் ஒட்டிய மண் வரும் சொத்து. நடுத்தண்டைக் கடித்தால் அவர் குணம் தெரியும். ஜோடிப் பெயர் சூட்டிய இரண்டு கொட்டைகளைத் தணலில் போட்டு, சேர்ந்து எரிகின்றனவா வெடித்துப் பிரிகின்றனவா என்று பார்ப்பார்கள். அயர்லாந்தில் பார்ம்பிராக் என்ற உலர்பழ ரொட்டிக்குள் மோதிரமும் கந்தல்துணியும் ஒளித்துவைத்து இன்றைக்கும் சுடுகிறார்கள். மோதிரம் வந்தால் கல்யாணம், கந்தல் வந்தால் வறுமை.

இந்த விளையாட்டுகளில் ஒன்று மட்டும் நிஜமாகவே வேலை செய்கிறது. பெண் தனியாக ஒரு மெழுகுவத்தியோடு கண்ணாடி முன் நின்று ஆப்பிளைத் தின்ன வேண்டும். தோளுக்குப் பின்னால் வருங்காலக் கணவன் முகம் தெரியும்.

சுவிட்சர்லாந்து மருத்துவர் இக்னாஸ் டிராக்ஸ்லர் 1804-இலேயே ஒன்றைக் கவனித்தார். ஒரே புள்ளியை அசையாமல் பார்த்தால் சுற்றியிருப்பவை மங்கி மறைகின்றன. மாறாத காட்சிக்கு நரம்புச் செல்கள் பதில் சொல்வதை நிறுத்திவிடுகின்றன. மங்கிய வெளிச்சத்தில் இது இன்னும் சுலபம். இத்தாலியின் உர்பினோ பல்கலைக்கழகத்து ஜொவான்னி கபுட்டோ 50 பேரை ஒவ்வொருவராக ஒரு கண்ணாடி முன் உட்காரவைத்தார். முதுகுக்குப் பின்னால் 25 வாட் விளக்கு. பத்து நிமிடம் தங்கள் முகத்தையே பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள்ளேயே முகம் மாறத் தொடங்கியது. முகத்தின் பகுதிகள் மாறிமாறி மங்க, அந்த ஓட்டைகளை மூளை தன் கையிருப்பில் உள்ள முகங்களால் நிரப்பப் பார்க்கிறது. 2010-இல் அவர் வெளியிட்ட முடிவின்படி 66 சதவீதம் பேர் தங்கள் முகம் கோணலாகிச் சிதைந்ததைப் பார்த்தார்கள். 48 சதவீதம் பேருக்கு விநோத உருவங்களும் பூதங்களும் தெரிந்தன. 28 சதவீதம் பேர் முன்பின் தெரியாத ஒருவரைக் கண்டார்கள். இருநூறு ஆண்டுக்கு முந்தைய ஸ்காட்லாந்துப் பெண் அந்த ஆளைத்தான் மாப்பிள்ளை என்று முடிவு கட்டியிருப்பாள். 18 சதவீதம் பேருக்குத் தெரிந்தது அம்மா அல்லது அப்பாவின் முகம், சற்றே மாறிய சாயலில். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கண்ணாடியில் வந்தவர் ஏற்கெனவே இறந்துபோனவர்.